தொற்றுநோயால் வேலை நின்றால் நஷ்டம் யாருக்கு? சூயஸில் ஜெயித்து பனாமாவில் வீழ்ந்த லெசெப்ஸின் கதை

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு. பாதி எழும்பிய அடுக்குமாடிகள் அப்படியே நின்றன. கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களும் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தவர்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கு நடந்தே கிளம்பினார்கள். சில மாதம் கழித்து வேலை மறுபடி தொடங்கியது. கூடவே வேறொரு சண்டையும் தொடங்கியது. இந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு? பில்டரா? கான்ட்ராக்டரா? கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டிவிட்டு, ஒரு பக்கம் வாடகையும் இன்னொரு பக்கம் இ.எம்.ஐ.யும் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரா?

இது கொரோனாவோடு வந்த புதுக் கேள்வி இல்லை. 19-ம் நூற்றாண்டில் ஒரே மனிதர் இந்தக் கேள்வியை இரண்டு முறை சந்தித்தார். முதல் முறை தப்பித்தார், உலகமே கொண்டாடியது. இரண்டாவது முறை மாட்டிக்கொண்டார், கோர்ட் தண்டனை விதித்தது. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் சூயஸ் கால்வாயோடு சேர்த்து நாம் மனப்பாடம் செய்த பெயர்தான் அவர்: ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ்.

அவர் வாழ்க்கையில் நோயும் ஒப்பந்தமும் எங்கெல்லாம் மோதிக்கொண்டன? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த லெசெப்ஸ்?

1805 நவம்பர் 19 அன்று பிரான்ஸ் நாட்டின் வெர்சாய் நகரில் பிறந்தவர். கால்வாய் வெட்டியவர் என்றதும் பெரிய இன்ஜினியர் என்று பலர் நினைத்துக்கொள்கிறோம். ஆனா அவர் இன்ஜினியர் இல்லை. தூதரக அதிகாரி. அப்பாவும் தூதரகப் பணியில் இருந்தவர்தான். பேசி சம்மதிக்க வைப்பது, பெரிய இடத்து ஆட்களைப் பிடிப்பது, பணம் திரட்டுவது, இந்த மூன்றும்தான் லெசெப்ஸுக்குக் கைவந்த கலை.

கப்பலிலேயே குவாரன்டீன்

1832-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகருக்குத் துணைத் தூதராக அனுப்பப்பட்டார். வயது 26. ஆனா கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் இறங்க விடவில்லை. அப்போது உலகத்தைக் காலரா சுற்றிக்கொண்டிருந்த காலம். கப்பலில் வந்தவர்கள் எல்லோரையும் குவாரன்டீனில் வைத்துவிட்டார்கள்.

கொரோனா காலத்தில் நாம் வீட்டில் அடைந்து கிடந்து வெப் சீரிஸ் பார்த்தோம், இல்லையா? அவருக்கு ஒரு கட்டுப் புத்தகம் வந்தது. மூத்த தூதர் பொழுதுபோக அனுப்பி வைத்தது. அதில் ஒன்று, நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்து வந்தபோது லெபேர் என்ற இன்ஜினியர் எழுதிய அறிக்கை. மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் கால்வாய் வெட்டி இணைக்க முடியுமா என்பது அதன் பொருள். அந்தக் குவாரன்டீன் நாட்களில் மனதில் விழுந்த விதைதான் பிற்காலத்தில் சூயஸ் கால்வாய் ஆனது.

அடுத்து 1834-35-ல் எகிப்தைக் கொடிய பிளேக் தாக்கியது. வசதி இருந்தவர்கள் ஊரைக் காலி செய்தபோது, லெசெப்ஸ் கெய்ரோவுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் போய் வந்து நிவாரண வேலை பார்த்தார். ஆக, கொள்ளைநோய் ஒரு ஊரை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர்தான் அவர். பனாமா கதை வரும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

சூயஸ் ஒப்பந்தம்: காகிதத்தில் என்ன இருந்தது?

1849-ல் ரோம் நகரில் ஒரு தூதுப் பணியில் சொந்த அரசே கைவிட்டதால் வேலையை விட்டார். 1853-ல் மனைவியும் ஒரு மகனும் நோயில் இறந்தார்கள். கிராமத்துப் பண்ணையில் ஒதுங்கி இருந்தவரை 1854-ல் ஒரு செய்தி எழுப்பி உட்கார வைத்தது. எகிப்தின் ஆட்சிப் பொறுப்பு சயீத் பாஷாவின் கைக்கு வந்திருந்தது. சயீத் சிறுவனாக இருந்தபோதே லெசெப்ஸுக்கு நண்பர்.

உடனே எகிப்துக்குப் போனார். 1854 நவம்பர் 30-ல் அனுமதிப் பத்திரம் கைக்கு வந்தது. 1856-ல் விரிவான இரண்டாவது பத்திரம். கால்வாய் திறந்த நாளில் இருந்து 99 ஆண்டுகளுக்கு நிர்வாகம் கம்பெனியிடம். நிகர லாபத்தில் 15 சதவீதம் எகிப்து அரசுக்கு. தொழிலாளர்களில் ஐந்தில் நான்கு பங்கு எகிப்தியர்களாக இருக்க வேண்டும்.

1858-ல் கம்பெனி தொடங்கியது. ஒரு பங்கு 500 பிராங்க், மொத்தம் 4 லட்சம் பங்குகள், அதாவது 20 கோடி பிராங்க். 1859 ஏப்ரல் 25-ல் முதல் மண்வெட்டி விழுந்தது.

ஆள் தருகிறேன் என்றவர் நிறுத்தினால்?

ஒப்பந்தப்படி எகிப்து அரசு கிராமங்களில் இருந்து விவசாயிகளைக் கட்டாயமாகத் திரட்டி அனுப்பியது. உச்சத்தில் மாதம் சுமார் 20,000 பேர். கூலி உண்டு, ஆனா சொற்பம். ஒரு கூட்டம் வேலை முடித்துத் திரும்பும், அடுத்த கூட்டம் வரும்.

1863-ல் சயீத் இறந்தார். அடுத்து வந்த இஸ்மாயில் கட்டாய வேலை முறையை நிறுத்த முடிவு செய்தார். பின்னால் பிரிட்டனின் அழுத்தமும் இருந்தது. கால்வாய் பிரெஞ்சுக்காரர் கையில் போவதை அந்த நாடு விரும்பவில்லை.

மனிதாபிமானக் கணக்கில் பார்த்தால் இஸ்மாயில் செய்தது சரி. ஒப்பந்தக் கணக்கில் பார்த்தால்? ஆள் தருவதாகச் சொன்ன தரப்பு பாதியில் கையை விரிக்கிறது. தகராறு மூன்றாம் நபரின் தீர்ப்புக்குப் போனது. அந்த மூன்றாம் நபர், பிரான்ஸ் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். அவருடைய மனைவி யூஜெனி லெசெப்ஸுக்கு உறவு. நடுவர் எவ்வளவு நடுநிலை என்பதை நீங்களே யூகிச்சுக்கலாம்.

1864 ஜூலையில் தீர்ப்பு வந்தது. எகிப்து அரசு கம்பெனிக்கு 8 கோடியே 40 லட்சம் பிராங்க் இழப்பீடு தர வேண்டும். அதில் 3 கோடியே 80 லட்சம், ஆள் அனுப்புவதை நிறுத்தியதற்கு. 3 கோடி, கம்பெனி திருப்பிக் கொடுத்த நிலத்துக்கு. 1 கோடியே 60 லட்சம், நன்னீர்க் கால்வாய் கணக்கில்.

இந்தத் தொகை எகிப்தின் கடன் சுமையை ஏற்றியது. ஆனா லெசெப்ஸுக்கு அது வரம். மனிதக் கைகள் போன இடத்தில் நீராவி இயந்திரங்களைக் கொண்டுவரப் பணம் கிடைத்தது. போரெல், லவாலே என்ற இரு பிரெஞ்சு இன்ஜினியர்களின் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்து, ராட்சத மண்வாரி இயந்திரங்களை வடிவமைத்துக் கொண்டுவந்தது.

1865: காலரா வந்தது

இயந்திரங்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 1865 மே மாதம் மெக்காவில் இருந்து திரும்பிய ஹஜ் பயணிகளின் கப்பல்கள் சூயஸ் துறைமுகத்துக்கு வந்தன. கூடவே காலராவும் வந்தது. உலகம் முழுக்கப் பரவிய நான்காவது காலரா பெருந்தொற்று அது. ரயிலில் அலெக்சாண்ட்ரியாவுக்கும், அங்கிருந்து கப்பலில் ஐரோப்பாவுக்கும் போனது. எகிப்தில் மட்டும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள்.

கால்வாய்ப் பகுதியில் ஒரே பீதி. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். வேலை முடங்கியது. 2020-ல் நம்ம ஊர் சைட்டுகளில் பார்த்த அதே காட்சி, 155 வருஷம் முன்னாடி.

ஆனா சூயஸ் திட்டம் மூழ்கவில்லை. ஏன்? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, அலை அடித்து ஓய்ந்தது. நோய் தணிந்ததும் ஆட்கள் திரும்பினார்கள்.

இரண்டாவது, வேலை முன்னைப் போல முழுக்க முழுக்க மனிதக் கூட்டத்தை நம்பி இல்லை. பழைய முறையிலேயே மாதம் 20,000 கிராமவாசிகள் வந்து போய்க்கொண்டிருந்தால் நோய் எத்தனை கிராமங்களுக்குப் போயிருக்கும், யோசித்துப் பாருங்க. கால்வாயில் தோண்டிய மண்ணில் பெரும்பகுதியை அதற்குப் பிறகு இயந்திரங்கள்தான் அள்ளின.

மூன்றாவதுதான் முக்கியம். இழப்பீட்டுப் பணம் இருந்ததால் தாமதத்தைத் தாங்கும் தெம்பு கம்பெனிக்கு இருந்தது. நோயை யாரும் தடுக்கவில்லை. ஆனா அது தந்த அடியை ஏந்திக்கொள்ள ஒரு கை ஏற்கெனவே பணம் கட்டியிருந்தது. அந்தக் கை எகிப்து அரசு.

1869 நவம்பர் 17-ல் கால்வாய் திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் போட்ட கணக்கைப் போல இரண்டு மடங்கு செலவு ஆகியிருந்தது. திறப்பு விழா முடிந்த சில நாளில் லெசெப்ஸ் மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 64, மணப்பெண்ணுக்கு 21. அந்தத் தம்பதிக்கு 12 குழந்தைகள்!

எகிப்துக்கு என்ன ஆச்சு? கடன் தாங்காமல் 1875-ல் தன் பங்குகளை பிரிட்டனிடம் 40 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 1882-ல் பிரிட்டிஷ் படையே உள்ளே வந்தது.

73 வயதில் இரண்டாவது கனவு

சூயஸ் வெற்றியோடு லெசெப்ஸ் ஓய்வெடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. 1879 மே மாதம் பாரிஸில் ஒரு சர்வதேச மாநாடு. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் எங்கே, எப்படி இணைப்பது என்பதுதான் விவாதம். தலைமை வகித்த லெசெப்ஸ் பனாமாவைத் தேர்ந்தெடுக்க வைத்தார். அதுவும் சூயஸ் போலவே கடல் மட்டத்தில் நேராக வெட்ட வேண்டும் என்றார்.

சூயஸ் சமமான மணல்வெளி. பனாமா மலை, அடர்ந்த காடு, கொட்டும் மழை, வெள்ளம் வரும் சாக்ரெஸ் ஆறு. தூரம் பாதிதான், சுமார் 80 கிலோமீட்டர். ஆனா வேலை பல மடங்கு. ஏரி அமைத்து, மதகுப் பூட்டுகள் வழியாகக் கப்பலை ஏற்றி இறக்கலாம் என்று கோதன் டி லெப்பினே என்ற இன்ஜினியர் அந்த மாநாட்டிலேயே சொன்னார். கேட்க ஆளில்லை.

நோய்? அது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 1850-55-ல் அதே இடத்தில் ரயில் பாதை போட்டபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் காலராவிலும் இறந்தார்கள். லெசெப்ஸ் தானே நேரில் போய்ப் பார்த்தார். ஆனா போனது 1879 டிசம்பர் கடைசியில். மழை ஓய்ந்து, காய்ச்சல் குறைந்திருக்கும் பருவம். குடும்பத்தோடு போய், நன்றாகத் திரும்பி வந்து, பனாமா ஆரோக்கியமான ஊர்தான் என்று பிரான்ஸ் முழுக்கச் சொன்னார். நிபுணர் குழு 84 கோடி பிராங்க் ஆகும் என்று போட்ட மதிப்பீட்டையும் தன் கையாலேயே 65 கோடியே 80 லட்சமாகக் குறைத்தார்.

மக்கள் நம்பினார்கள். 1880 டிசம்பரில் பங்கு வெளியீட்டுக்குக் கூட்டம் அலைமோதியது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் இல்லை. கடைக்காரர்கள், சின்ன விவசாயிகள், கைம்பெண்கள் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள்.

ஃபோர்ஸ் மஜூர்: அப்படின்னா என்ன?

இந்த இடத்தில் ஒரு சட்டச் சொல்லைப் புரிந்துகொள்வது நல்லது. கட்டுமான ஒப்பந்தங்களில் 'ஃபோர்ஸ் மஜூர்' என்று ஒரு பிரிவு இருக்கும். பிரெஞ்சுச் சொல். மனித சக்திக்கு மீறிய தடை என்று பொருள் சொல்லலாம். 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்திலேயே இது இருக்கிறது. லெசெப்ஸ் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு.

சுருக்கமா சொன்னா, ஒப்பந்தம் போட்ட பிறகு, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத, முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியாத, எப்படி முயன்றும் தவிர்க்க முடியாத ஒன்று வந்து வேலையைத் தடுத்தால், தாமதத்துக்கு உங்களைப் பொறுப்பாக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள நிபந்தனை. எதிர்பார்த்திருக்க முடியாதது. 1865 காலரா ஒரு பருவத்தில் வெளியில் இருந்து வந்து, அடித்துவிட்டுப் போனது. பனாமாவில் இருந்தது அப்படி இல்லை. அந்த மண்ணிலேயே குடியிருந்த நோய். புதிதாக வருகிறவர்களைத் தேடி அடிக்கும் நோய். 25 வருஷம் முன்னாடி ரயில்காரர்களை அள்ளிக்கொண்டு போன நோய். அதை எதிர்பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதிர்பார்த்து ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்க.

கழன்றுகொண்ட கான்ட்ராக்டர்

1881 மார்ச்சில் கூவ்ரே, எர்சான் என்ற பிரபல நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. கூவ்ரே சூயஸில் வேலை பார்த்தவர்தான். ஒப்பந்தம் இரண்டு கட்டம். முதல் இரண்டு வருடம் ஆய்வு, காடு வெட்டுதல், இயந்திரம் கொண்டுவருதல். இந்தக் கட்டத்தில் ஆகும் செலவெல்லாம் கம்பெனியுடையது. கான்ட்ராக்டருக்கு அதன் மேல் ஒரு கமிஷன். இரண்டாவது கட்டத்தில்தான் ஒரு கன மீட்டர் மண்ணுக்கு இவ்வளவு என்று விலை முடிவு செய்து, அந்த விலையில் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

புரிகிறதா? முதல் கட்டத்தில் எது நடந்தாலும் நஷ்டம் கம்பெனிக்கு. இரண்டாவது கட்டத்தில்தான் கான்ட்ராக்டர் தலை உருளும்.

அந்த ஆண்டு மழைக்காலத்திலேயே மஞ்சள் காய்ச்சல் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் பனாமா பொறுப்பாளர் பிளாஞ்சே 1881 நவம்பரில் காய்ச்சலில் இறந்தார். மண்ணின் குணமும் சாவின் வேகமும் கான்ட்ராக்டருக்குப் புரிந்துவிட்டது. விலை பேச வேண்டிய நேரம் நெருங்கியபோது, 1882 டிசம்பர் 31-ல் ஒப்பந்தத்தில் இருந்து விலகிக்கொண்டார்கள். சண்டை இல்லை, வழக்கு இல்லை. வெளியே தெரிந்தால் பங்கு விலை விழும் என்பதால் கம்பெனியும் மரியாதையாகவே வழியனுப்பி வைத்தது.

கட்டுமானத் தொழிலில் கைதேர்ந்த ஒருவர் விலை சொல்லவே மறுத்துப் போகிறார் என்றால் அதுவே பெரிய எச்சரிக்கை. பங்கு வாங்கியவர்கள் காதுக்கு அந்த எச்சரிக்கை போகவே இல்லை.

ஒரு நாளைக்கு 1 டாலர்: ஆளைக் கொன்ற விதி

அடுத்து கம்பெனி தானே நேரடியாக வேலையை எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன கான்ட்ராக்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பெரும்பாலான தொழிலாளர்கள் ஜமைக்கா உள்ளிட்ட கரீபியன் தீவுகளில் இருந்து வந்த கருப்பினத்தவர். 1884-ல் இவர்கள் எண்ணிக்கை சுமார் 19,000.

கம்பெனி பனாமா நகரின் அங்கோன் மலையில் அருமையான மருத்துவமனை கட்டியிருந்தது. கன்னியாஸ்திரிகள் சேவை செய்தார்கள். ஆனா ஒரு விதி. சேர்க்கப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நாளைக்கு 1 டாலர் வீதம் அவருடைய கான்ட்ராக்டர் கட்ட வேண்டும்.

விளைவு? காய்ச்சல் அறிகுறி தெரிந்ததும் பல கான்ட்ராக்டர்கள் அந்தத் தொழிலாளியை வேலையில் இருந்து நீக்கிவிட்டார்கள். வேலையில் இல்லாதவருக்குப் பணம் கட்டத் தேவை இல்லையே! நீக்கப்பட்டவர்கள் குடிசைகளிலும் தெருவோரங்களிலும் செத்தார்கள். மருத்துவமனைக் கணக்கில் வரவே இல்லை. அதனால்தான் பிரெஞ்சுக்காரர் காலத்தில் பனாமாவில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை மதிப்பீடுதான். 20,000-க்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை.

நோய்ச் செலவை யார் ஏற்பது என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியவர் கொலை செய்ய நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனா நடந்தது அதுதான்.

மருத்துவமனைக்குள் போனவர்களும் தப்பவில்லை. எறும்பு ஏறாமல் இருக்க கட்டில் கால்களைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜன்னலில் வலை கிடையாது. அந்தத் தண்ணீரில் கொசு வளர்ந்தது. கொசுதான் நோயைப் பரப்புகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருவரைத் தவிர. கியூபா டாக்டர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே அதைச் சொன்னார். பனாமாவில் வேலை தொடங்கிய அதே வருடம். பல காலம் அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நோய் பதவி பார்க்கவில்லை. 1883-ல் தலைமைப் பொறுப்பேற்று வந்த ஜூல் திங்லே குடும்பத்தோடு வந்தார். 1884 தொடக்கத்தில் மகள் இறந்தார். அடுத்து மகன். வருடம் முடியும்போது மனைவி. அத்தனை பேரையும் புதைத்துவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். 1885-ல் ராஜினாமா செய்துவிட்டு பிரான்ஸ் திரும்பினார்.

பணம் தீர்ந்தது

ஆட்கள் சாகச் சாக புது ஆட்களைக் கொண்டுவரச் செலவு. கான்ட்ராக்டர் மாற மாற புது விலை. வெட்டிய மலை மழையில் சரிய மறுபடி வெட்டச் செலவு. எல்லாவற்றையும் லெசெப்ஸ் கடன் பத்திரம் விற்றே சமாளித்தார். ஒவ்வொரு முறையும் வட்டி ஏறியது. ஒவ்வொரு முறையும் வேலை நன்றாக நடக்கிறது என்றே அறிக்கை போனது. பத்திரிகைகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் கம்பெனிப் பணம் போனது.

1887 டிசம்பரில்தான் கடல் மட்டக் கால்வாய் நடக்காது என்று ஒத்துக்கொண்டு, மதகுப் பூட்டு அமைக்க ஈஃபில் டவர் புகழ் குஸ்தாவ் ஈஃபிலோடு ஒப்பந்தம் போட்டார். ரொம்ப லேட். 1888 டிசம்பரில் கடைசிக் கடன் வெளியீடு தோற்றது. 1889 பிப்ரவரி 4-ல் கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

140 கோடி பிராங்குக்கும் மேல் போனது. சுமார் 8 லட்சம் பேர் பணம் போட்டிருந்தார்கள். பனாமாவில் ஆயிரக்கணக்கான ஜமைக்கா தொழிலாளர்கள் கப்பல் டிக்கெட்டுக்குக்கூடக் காசில்லாமல் தவித்தார்கள். அவர்களைத் திருப்பி அழைத்துப்போனது ஜமைக்கா அரசு.

கோர்ட் என்ன சொன்னது?

1893 பிப்ரவரி 9. மோசடிக் குற்றத்துக்காக லெசெப்ஸுக்கும் அவர் மகன் சார்லஸுக்கும் தலா 5 ஆண்டு சிறை என்று பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈஃபிலுக்கு 2 ஆண்டு சிறையும் 20,000 பிராங்க் அபராதமும். 87 வயது லெசெப்ஸ் உடலும் நினைவும் தளர்ந்து கிராமத்து வீட்டில் இருந்தார். கோர்ட்டுக்கும் வரவில்லை, சிறைக்கும் போகவில்லை. உள்ளே போனது மகன். பனாமா வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அப்பாவைத் தடுத்துப் பார்த்த அதே மகன். அதே ஆண்டு ஜூனில், வழக்குத் தொடரும் காலக்கெடு முடிந்துவிட்டது என்ற காரணத்தால் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

கான்ட்ராக்டர்கள் மீதும் தகராறு எழுந்தது. செய்த வேலைக்கு மேல் கொழுத்த லாபம் எடுத்தார்கள் என்று புகார். அது எப்படி முடிந்தது தெரியுமா? மீதி வேலைக்காக 1894-ல் தொடங்கிய புதிய கம்பெனியில் அவர்களே பணம் போட்டுப் பங்கு வாங்க வேண்டும் என்று சமரசம். ஈஃபிலும் அதில் ஒருவர். அபராதப் பங்குதாரர்கள் என்றே அவர்களை அழைத்தார்கள்.

அதே 1894-ல், டிசம்பர் 7-ம் தேதி லெசெப்ஸ் காலமானார். வயது 89.

அப்புறம் என்ன ஆச்சு?

1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். 1900-ல் கியூபாவில் வால்டர் ரீட் குழு ஃபின்லே சொன்னது சரி என்று நிரூபித்தது. 1904-ல் பனாமா வேலையை ஏற்ற அமெரிக்கா, டாக்டர் வில்லியம் கோர்கஸை அனுப்பியது. அவர் தண்ணீர்த் தொட்டிகளை மூடினார், ஜன்னலுக்கு வலை போட்டார், வீடு வீடாகப் புகை போட்டார். 1905 முடிவதற்குள் பனாமா நகரில் மஞ்சள் காய்ச்சல் நின்றது. 1914 ஆகஸ்ட் 15-ல் கால்வாய் திறந்தது. பூட்டுகள் வைத்த கால்வாய்தான், லெப்பினே சொன்னது போல.

ஆனா அமெரிக்கக் காலத்திலும் 5,600-க்கும் மேற்பட்டோர் நோயிலும் விபத்திலும் இறந்தார்கள். இது அங்கீகரிக்கப்பட்ட கணக்கு.

சரி, இதில் நமக்கு என்ன?

2020 பிப்ரவரி 19-லேயே, கொரோனாவால் வரும் தடைகளை இயற்கைப் பேரிடராகக் கருதி ஃபோர்ஸ் மஜூர் பிரிவைப் பயன்படுத்தலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் அரசு ஒப்பந்தங்களுக்கு விளக்கம் தந்தது. மே மாதம், ரெரா சட்டத்தில் பதிவான வீட்டுத் திட்டங்களுக்கு 6 மாதம் அவகாசம் நீட்டிக்கலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

அதே மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. ராஜஸ்தான் எண்ணெய்க் கிணற்று வேலையில் ஒரு கான்ட்ராக்டர் 2019 செப்டம்பரில் இருந்தே கெடு தவறி வந்தார். ஊரடங்கைக் காரணம் காட்டித் தப்பிக்கப் பார்த்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. நோய்க்கு முன்பே இருந்த தவறுக்கு நோய் சாக்கு ஆகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

லெசெப்ஸ் கதையும் அதைத்தான் காட்டுகிறது. பனாமா திட்டம் கொசுவால் மட்டும் விழவில்லை. தெரிந்த ஆபத்தை மறைத்ததால் விழுந்தது. முன்னாடியே தெரிந்த கான்ட்ராக்டர் கழன்றுகொண்டார். கடைசியில் நஷ்டம் வந்து நின்றது, ஒப்பந்தம் எழுதியபோது அந்த அறையிலேயே இல்லாத இரண்டு கூட்டத்தின் மேல். ஒன்று, சேமிப்பைப் போட்ட சாதாரண மக்கள். இன்னொன்று, மண்வெட்டி பிடித்த தொழிலாளர்கள்.

அதனால நீங்க ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டப் போறீங்கன்னா, ஒப்பந்தத்தில் இந்த மூன்றையும் தேடிப் பாருங்க:

• ஃபோர்ஸ் மஜூர் பிரிவில் தொற்றுநோய், ஊரடங்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா?

• அப்படி ஒன்று வந்தால் எத்தனை மாதம் வரை அவகாசம்? அதற்குப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டா?

• அந்த இடைப்பட்ட காலத்துச் செலவு யார் தலையில்?

விடை எழுத்தில் இல்லை என்றால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்க. ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது இன்னும் நல்லது. பனாமா பங்கு வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது.